குறட்டையும் பொறையும்: ஓரறையில் உறங்குவோரின் அறம்

அறவியல் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பெரியனவற்றையே எடுத்துப் பேசுகின்றன. கொலை, பொய், துரோகம், தியாகம் என்பன அவற்றின் வழக்கமான பொருள்கள். ஆயின் மனிதரிற் பெரும்பாலோர் தம் வாழ்நாளிற் கொலை செய்யும் நிலைக்கோ, பிறருக்காக உயிரைக் கொடுக்கும் நிலைக்கோ வருவதில்லை. அவர்தம் அறம் சோதிக்கப்படுவது மிகச் சிறிய இடங்களிலேயே. பிறரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளுதல் அத்தகைய இடங்களுள் ஒன்று. உடனுறைபவர் குறட்டை விடுபவராயின் அச்சோதனை முழுமை பெறுகின்றது.

விடுமுறைக் காலத்தில் ஊவா மலைகளை நாடிச் செல்லும் மாணவர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். பதுளை செல்லும் புகையிரதத்தில் ஏறி அப்புத்தளையில் இறங்கி, பெரகலைச் சந்தி வழியாக வெல்லவாயா செல்லும் வீதியிற் கொஸ்லந்தை வரை வருகின்றனர். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டு களிக்கின்றனர். மாலையில் மூடுபனி இறங்க, வாடகைக்கெடுத்த சிறிய அறைக்குத் திரும்புகின்றனர். உரையாடல் நள்ளிரவு வரை நீள்கிறது. பின்னர் விளக்கு அணைக்கப்படுகிறது. சில நிமிடங்களில் ஒருவர் உறங்கிவிடுகிறார். மற்றவரின் இரவு அப்பொழுதுதான் தொடங்குகிறது. முதலில் அவர் புன்னகை செய்கிறார். அரைமணி நேரத்தில் இருமிப் பார்க்கிறார். ஒரு மணி நேரத்திற் கட்டிலை அசைக்கிறார். இரண்டு மணியளவில், பகலெல்லாம் ஆருயிர் நண்பனாகத் தோன்றியவர் மீது, தாமே வியக்குமளவுக்கு ஒரு வெறுப்பு அவர் உள்ளத்தில் எழுகின்றது.

இவ்வெறுப்பு நியாயமானதா? உறங்குபவர் குற்றம் செய்தவராவாரா? விழித்திருப்பவரின் கடமை பொறுத்துக்கொள்வதா, எழுப்புவதா, காலையில் எடுத்துரைப்பதா? இவை நகைப்புக்குரிய வினாக்களாகத் தோன்றலாம். எனினும், நோக்கமின்றி விளையும் தீங்கு, பொறுமையின் எல்லை, உண்மை உரைக்கும் கடமை ஆகிய மூன்று பழைய மெய்யியற் பிரச்சினைகளும் இச்சிறிய அறைக்குள்ளேயே ஒருங்கு கூடியுள்ளன.

அறியாது செய்யும் தீங்கு

குறட்டை என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழவுள்ள தசைகள் இறுக்கமாக இருந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அத்தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுப்பவரின் நாக்கு பின்னோக்கிச் சரிகின்றது. பாதை குறுகவே, அதனூடாகச் செல்லும் காற்று மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வின் ஒலியே குறட்டை. சளியால் மூக்கடைத்தவருக்கும், கழுத்துப் பருத்தவருக்கும், வயது முதிர்ந்தவருக்கும் இஃது எளிதில் ஏற்படும். மது தசைகளை மேலும் தளர்த்துவதால் ஒலியை மிகுவிக்கும். எனவே குறட்டை ஓர் உடல் நிகழ்ச்சி, ஒழுக்கக் குறைபாடன்று.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அறையிலுள்ள அனைவரையும் எழுப்பும் ஒலி, அதனை எழுப்புபவரை மாத்திரம் எழுப்புவதில்லை. எழுப்பினாலும், சில கணங்களே நிகழும் அவ்விழிப்பு நினைவில் தங்குவதில்லை. ஆதலின் தாம் குறட்டை விடுவதைப் பிறர் சொல்லியே ஒருவர் அறிய வேண்டியுள்ளது. சொன்னாலும் பலர் நம்புவதில்லை. தம் முகத்தைக் கண்ணாடியிற் காணலாம். தம் உறக்கத்தைக் காட்டும் கண்ணாடி அருகே படுத்திருக்கும் மனிதரே.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலில், விருப்பத்துடன் செய்யும் செயலையும் விருப்பமின்றி நிகழும் செயலையும் பிரித்து நோக்கினார். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் முதல்வகைக்கே உரியன. இரண்டாம் வகைக்கு உரியது மன்னிப்பும் சிலவேளை இரக்கமும் என்பது அவரது முடிபு. அதே நூலின் தொடக்கப் பகுதியில், உறக்கத்தில் நல்லவரையும் தீயவரையும் வேறு பிரித்தறிதல் அரிது என்றும் அவர் குறிப்பிடுகிறார். பௌத்தமும் இதனையொத்த முடிபுக்கே வருகின்றது. எண்ணமே வினை என்பது புத்தர் போதனையின் அடிப்படைகளுள் ஒன்று. எண்ணம் இல்லாத இடத்தில் வினை இல்லை. வினை இல்லாத இடத்திற் குற்றமும் இல்லை. இவ்வாறு நோக்கின், நள்ளிரவிற் கட்டிலை அசைக்கும் நண்பரின் சினம் இலக்கற்ற சினமாகின்றது. சினப்பதற்கு அங்கு எவரும் இல்லை. உறங்கும் உடல் ஒன்றே இருக்கின்றது.

ஆயின் இதனை இவ்வளவில் முடித்துவிட இயலாது. குடித்துவிட்டுக் குற்றமிழைத்தவருக்கு இரட்டைத் தண்டனை விதித்த பழைய கிரேக்கச் சட்டத்தை அரிஸ்டோட்டிலே எடுத்துக்காட்டுகிறார். அறியாமற் செய்தேன் என்பவர், அவ்வறியாமைக்குத் தாமே காரணமாயிருப்பின், பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. குறட்டை விடுவதற்கு எவரும் பொறுப்பாளியல்லர். ஆனால், தம் குறட்டையை ஒருமுறை அறிந்துகொண்டவர் அதன்பின் அறியாதவர் அல்லர். நண்பர் அருகிற் படுக்கப் போகிறார் என்று தெரிந்தும் அளவின்றிக் குடிப்பவரும், ஒருக்களித்துப் படுத்தால் ஒலி குறையும் என்று கூறப்பட்ட பின்னும் மல்லாந்தே படுப்பவரும் உறக்கத்திற்குப் பொறுப்பாளிகளல்லர். உறங்கச் சென்ற விதத்திற்குப் பொறுப்பாளிகளே. ஆக, உறங்குபவரின் அறம் அவர் விழித்திருந்தபோதே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

விழித்திருப்பவரின் உள்ளம்

உறங்குபவரைப் பற்றி இவ்வளவும் கூறியபின், விழித்திருப்பவரை நோக்கல் வேண்டும். அவர் அடையும் துன்பம் உண்மையானது. உறக்கமின்மை நினைவையும் பொறுமையையும் குன்றச் செய்யும். எனினும் அவரது துன்பத்தின் ஒரு பகுதி ஒலியினால் விளைவதன்று என்பது நுணுகி நோக்கின் புலப்படும்.

தகரக் கூரையின் மீது பெய்யும் பெருமழையின் ஒலி எந்தக் குறட்டையினும் பெரியது. ஆயினும் மலைநாட்டார் அதனைத் தாலாட்டாகக் கொண்டு உறங்குகின்றனர். மழை எவருடைய செயலும் அன்று. குறட்டைக்கோ ஓர் உரிமையாளர் இருக்கின்றார். மழை ஒரு சீராகப் பெய்கின்றது. குறட்டையோ ஏறி, இறங்கி, நின்று, மீண்டும் தொடங்குகின்றது. ஒவ்வொரு இடைவெளியும் நம்பிக்கை ஒன்றைத் தருகின்றது. அடுத்த ஒலி அந்நம்பிக்கையை முறிக்கின்றது. விழித்திருப்பவர் ஒலியைக் கேட்பதை விடுத்து, அடுத்த ஒலியை எதிர்பார்க்கத் தொடங்குகின்றார். அதன்பின் அவரது உறக்கத்தைக் கெடுப்பது நண்பரின் தொண்டை மாத்திரமன்று, தமது எதிர்பார்ப்புமாகும்.

இதனினும் ஆழமானது பிறிதொன்று. தாம் இழந்ததை மற்றவர் தம் கண்முன்னே நிறைவாக அனுபவிக்கின்றார் என்ற எண்ணமே சினத்தின் வேர். இருவரும் விழித்திருந்தால் அவ்விரவு ஓர் இனிய நினைவாகியிருக்கும். ஒருவர் உறங்க ஒருவர் விழிப்பதே அநீதியாகப் படுகின்றது. எனவேதான், நோக்கமற்ற ஒலிக்கு நோக்கம் கற்பிக்கும் நிலைக்கு மனம் இறங்குகின்றது. இவருக்குப் பிறரைப் பற்றிய எண்ணமே இல்லை, எப்பொழுதும் இவர் இப்படித்தான் என்று, பகலில் ஒருபோதும் தோன்றாத குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. ஒரு மனிதரின் உடல் பற்றிய செய்தியை அவரது குணம் பற்றிய தீர்ப்பாக மாற்றுதலே இவ்விரவில் நிகழும் முதலாவது அறப்பிழை. அதனைச் செய்பவர் உறங்குபவரல்லர்; விழித்திருப்பவரே.

நடைமுறையிற் செய்யத்தக்கன பல உள. குறட்டை விடுபவர் தமது இயல்பை முன்னரே கூறி, மற்றவரை முதலில் உறங்கவிடலாம். ஒருக்களித்துப் படுக்கலாம்; தலையணையைச் சற்று உயர்த்தலாம். சட்டையின் முதுகுப்புறத்தில் துணியுருண்டை ஒன்றைத் தைத்துக்கொண்டு மல்லாந்து புரளாதிருப்போரும் உளர். மற்றவர் காதிற் பஞ்சை வைத்துக்கொள்ளலாம். அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு அதன் சீரான ஒலியில் மற்ற ஒலியை அமிழ்த்தலாம். மிக வருத்தினால், தோளை மெல்லத் தொட்டு, திரும்பிப் படுக்குமாறு கூறலாம். அவ்வாறு எழுப்புதல் கொடுமையன்று. எழுப்பும் கையின் தன்மையே அதனைக் கொடுமையாகவோ உரிமையாகவோ ஆக்குகின்றது. வசதியுடையோர் மறுநாள் வேறு அறையும் எடுக்கலாம். இவற்றுள் எதுவும் நட்புக்கு இழுக்கன்று.

சொல்லுதலும் சிரித்தலும்

இரவு கழிந்து காலை வருகின்றது. அறத்தின் இரண்டாவது சோதனை இங்கேதான் நிகழ்கின்றது. தேநீர் அருந்தும் வேளையில் ஏனைய நண்பர்கள் கூடியிருக்க, இரவெல்லாம் விழித்தவர் குறட்டையை நடித்துக் காட்டுகிறார். அனைவரும் சிரிக்கின்றனர். குறட்டை விட்டவரும் சிரிப்பது போற் சிரிக்கிறார். மறுநாள் இரவு அவர் உறங்க அஞ்சுகிறார். தாம் கட்டுப்படுத்த இயலாத ஒன்றிற்காக ஒருவரை நாணச் செய்தல் இலகு. அதனால் ஒலி குறைவதில்லை, மனிதர்தாம் குறைகின்றார். இதனின் வேறான மற்றொரு வழி, ஒன்றுமே சொல்லாதிருத்தல். நன்றாக உறங்கினேன் என்று பொய் கூறி, அடுத்த பயணத்திற்கு அவரை அழைக்காமல் விட்டுவிடுதல். முன்னது கொடுமை, பின்னது கோழைத்தனம். பண்பு எனப் பலராலும் கருதப்படுவது இப்பின்னதே என்பதுதான் கவலைக்குரியது.

நட்புச் செய்தல் நகைத்து மகிழ்தற்பொருட்டு மட்டுமன்று, தேவைப்படும்போது முற்பட்டு இடித்துரைத்தற்பொருட்டுமாகும் என்பது வள்ளுவர் கருத்து. இடித்துரைப்போர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் எனவும் அவர் கூறியுள்ளார். பொறையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த அதே புலவர்தாம் இவ்வாறு இடித்துரைத்தலையும் வற்புறுத்தினார் என்பது மனங்கொளத்தக்கது. பொறுத்தலும் சொல்லுதலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. பொறுத்தவரின் சொல்லே கேட்கப்படும்.

குறட்டையைப் பொறுத்தவரை இச்சொல்லுதல் வெறும் மரியாதை பற்றியதன்று. உயிர் பற்றியதாகவும் அமையக்கூடும். சிலரது உறக்கத்தில் மூச்சுப் பாதை குறுகுவதோடமையாது முற்றாகவே அடைபட்டுவிடுகின்றது. அப்பொழுது பெருங்குறட்டை திடீரென நிற்கும். பத்து வினாடிகளுக்கு மேலும் மூச்சே இராது. பின்னர் திணறலுடன் மீண்டும் தொடங்கும். ஓரிரவிற் பலமுறை இவ்வாறு நிகழ்வதுண்டு. இஃது உறக்க மூச்சுத்தடை எனப்படும் நோய். உயர் இரத்த அழுத்தம், இதயநோய், பகலில் மேலிடும் உறக்கத்தால் நேரும் வாகன விபத்து முதலியவற்றுடன் இந்நோய்க்குத் தொடர்புண்டு. 1981இல் அவுஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன், மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்ட பின்னர் இதற்குத் தக்க சிகிச்சை கிடைத்தது. ஆனால் நோயுள்ளவர் தமக்கு நோய் இருப்பதைத் தாமாக அறிவதரிது. காலைத் தலைவலியும் பகற் சோர்வுமே அவர் அறிவன. மூச்சு நின்றதைக் கேட்டவர், அருகே விழித்துக் கிடந்தவர் மாத்திரமே.

இங்கு ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்கின்றது. இரவெல்லாம் வெறுப்புடன் கேட்கப்பட்ட ஒலி, காலையில் மற்றெவரிடமும் இல்லாத அறிவாகின்றது. அமைதி கிடைத்தது என்று விழித்திருப்பவர் மகிழ்ந்த இடைவெளிகள்தாம் அஞ்சத்தக்க இடைவெளிகள் என்பது புலனாகின்றது. அறிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவர். பலர் முன்னிலையில் நகைத்தன்று. தனியே, உரிய நேரத்தில், கண்டதைக் கண்டவாறு, மருத்துவரிடம் சென்றால் நன்று என்று.

ஊவா நாட்டினரிடையே இராவணன் கதை நன்கு வழங்கிவருகின்றது. எல்லவில் அவன் பெயரால் ஓர் அருவியும் குகையும் உள. அவன் தம்பி கும்பகருணனின் உறக்கத்தை இராமாயணம் மிகப் பெரிதாக வருணிக்கின்றது. அவனது மூச்சுக் காற்றை எதிர்த்து நிற்க இயலாமல் எழுப்பச் சென்ற அரக்கர் திணறினர். முரசும் சங்கும் முழக்கி அவனை எழுப்ப வேண்டியிருந்தது. உறக்கத்திற்கே உவமையாகிவிட்ட அவன்தான், எழுந்தவுடன், சீதையை விட்டுவிடுமாறு அண்ணனுக்கு அறிவுரை கூறினான். சபையில் விழித்திருந்தோர் பலர் வாய்திறவாதிருக்க, உறக்கத்திற்குப் பழி சுமந்தவன் உண்மையைச் சொன்னான். அக்கதை உணர்த்துவது ஒன்றுண்டு: ஓர் அறையில் யார் உறங்குகின்றார், யார் விழித்திருக்கின்றார் என்பது கண்ணிமைகளால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று.

இடமில்லாதோரின் பொறுமை

இதுவரை கூறியன எல்லாம் இரண்டு இரவுகளுக்கு ஓர் அறையைப் பகிர்ந்த நண்பரைப் பற்றியன. அவர்களுக்கு மூன்றாம் நாள் வீடு திரும்பும் வசதி உண்டு. அவர்கள் தங்கிய கொஸ்லந்தையிலிருந்து மேலே பார்த்தால் தேயிலைச் சரிவுகள் தெரியும். அச்சரிவுகளில் அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் மீரியபெத்தப் பிரிவு இருந்தது. அங்கு மக்கள் தம் வாழ்நாள் முழுவதையும் பகிர்ந்த அறையிலேயே கழித்தனர்.

தோட்டங்களின் லயன் குடியிருப்பு என்பது ஓரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பகுக்கப்பட்ட காம்பராக்களின் தொகுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஓர் அறையும், முன்னே ஒரு சிறிய இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் வீடு. கோப்பிக் காலத்திற் கட்டத் தொடங்கப்பட்டு, 1867இன் பின் தேயிலை பரவியபோது பெருகிய இவ்வமைப்பு, தனியாட்களைத் தற்காலிகமாகத் தங்கவைப்பதற்கே ஏற்றதாயிருந்தது. தற்காலிகம் தலைமுறைகளாக நீண்டது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் தனியார் முகாமைக்குச் சென்றன. உரிமையாளர் மாறிய போதெல்லாம் பெருந்தொகையான காம்பராக்கள் மாறாமல் நின்றன. அவற்றில் பாட்டனும் பாட்டியும், கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் கைக்குழந்தையும் ஓரிடத்திலேயே உறங்கினர். பாட்டனின் குறட்டை அக்குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. சுவருக்கு அப்பாலுள்ள அயல் வீட்டாருக்கும் உரியது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டிப் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாயும் அவ்வொலியின் நடுவிலேயே தம் உறக்கத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இம்மக்களின் பொறுமை பலராலும் வியந்து பாராட்டப்படுவதுண்டு. மலையகத்தார் விட்டுக்கொடுப்பவர், ஒருவர்க்கொருவர் அனுசரித்து வாழ்பவர் என்பர். அப்பாராட்டு பொய்யன்று. ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் வளர்த்துக்கொண்ட நுட்பமான பண்பாடு ஒன்று அங்கு உண்டு. கேட்டதைக் கேளாதவராக இருப்பது, அயலவர் சண்டையை மறுநாள் நினைவூட்டாதிருப்பது, கொழுந்து பறித்துக் களைத்தவரின் குறட்டையைக் களைப்பின் மொழியாகப் புரிந்துகொள்வது ஆகியன அப்பண்பாட்டின் கூறுகள். எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. வேறு வழியே இல்லாதபோது பொறுத்துக்கொள்வது பொறையுடைமையாகுமா?

வள்ளுவர் பொறுமையை விளக்கும்போது, தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை உவமை கூறினார். இகழ்ந்தவரை ஒறுக்கும் ஆற்றல் இருந்தும் பொறுப்பவரே போற்றப்படுபவர் என்பதே பொறுமை பற்றிய பொதுக் கருத்து. தெரிவு இருக்கும்போதே பொறுமை அறமாகின்றது. தெரிவு இல்லாதபோது அது தாங்குதல் மட்டுமே. தாங்குபவர் உள்ளத்தில் அன்பும் பெருந்தன்மையும் இருக்கலாம். பெரும்பாலும் இருக்கவே செய்கின்றன. ஆனால், அவ்வன்பைச் சுட்டிக்காட்டி அறையின் அளவை மறக்கச் செய்பவர் அறம் பேசுபவரல்லர். பிறருடைய பொறுமையைப் புகழ்வதன் மூலம் தம் கடமையைத் தவிர்த்தல் அதிகாரத்திலுள்ளோருக்கு மிகப் பழகிய வழி.

அறைக்குள்ளேயும் இவ்வினா எழுகின்றது. ஒரு வீட்டில் உறக்கத்தை இழப்பவர் யார்? பொதுவாகக் குடித்துவந்து உறங்கும் ஆணின் குறட்டையைத் தாங்குபவள், மறுநாள் அவனுக்கு முன்னே எழ வேண்டிய பெண். உறக்கமும் உணவைப் போலவே பங்கிடப்படுகின்றது. அப்பங்கீடு அதிகார வரிசைப்படியே நிகழ்கின்றது. பெண்ணின் பொறுமை குடும்பத்தின் பண்பு எனப்படுகின்றது. ஆணின் பொறுமை கேட்கப்படுவதே அரிது. ஆகவே ஓரறையில் உறங்குவோர் எத்துணைப் பொறுமையுடையவர் என்பதைவிட, அப்பொறுமை ஒருவர் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளதா என்பதே முதன்மையான வினா.

சொல்லப்பட்டதும் கேட்கப்பட்டதும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நாட்கணக்கிற் பெய்த மழையின் பின், மீரியபெத்தவின் மேலிருந்த மலைச்சரிவு பெயர்ந்து லயன்கள் மீது வீழ்ந்தது. பிள்ளைகள் பலர் அப்பொழுது பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வருகையில் வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் புதைந்தனர் என முதலில் அஞ்சப்பட்டது. பின்னர் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர் என அறியப்பட்டது. பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை.

அச்சரிவு ஆபத்தானது என்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அங்கு வாழ்வோரை வேறிடத்திற்கு மாற்றுமாறு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியேறுவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. மலை பெயர்ந்த பின்னர் எஞ்சியோர் முதலிற் பாடசாலைகளிலும், பின் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்தின் மூச்சைக் கேட்டபடியே அங்கு இரவுகள் கழிந்தன. ஏறத்தாழ இரண்டாண்டுகளின் பின், 2016இல், 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன.

குறட்டை பற்றிய ஆராய்ச்சியில் இப்பேரிடரைக் குறிப்பிடுதல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். அளவில் இரண்டும் ஒப்பிடத்தக்கனவல்ல. ஆயினும் அறத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. உறங்குபவருக்கு ஆபத்து இருப்பதை அருகிலிருப்பவர் அறிகின்றார். அறிந்தவர் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லுதல் மட்டும் கடமையை முடித்துவிடுவதில்லை. உமக்கு மூச்சுத்தடை உள்ளது என்று ஏழைத் தொழிலாளியிடம் கூறி, மருத்துவமனைக்குப் போக ஒரு நாட் சம்பளத்தை இழக்க வேண்டியிருப்பதை மறந்துவிடுபவரின் சொல் அரைச்சொல். மலை சரியும் என்று கூறி, போவதற்கு இடம் காட்டாத எச்சரிக்கையும் அத்தகையதே. சொல்லுபவர், கேட்பவர் அச்சொல்லின்படி நடக்கக்கூடிய நிலையில் இருக்கின்றாரா என்பதையும் நோக்கல் வேண்டும். அவ்வாறு நோக்காத எச்சரிக்கை, எச்சரித்தவரின் மனச்சான்றை மட்டுமே காப்பாற்றும்.

இனி, நள்ளிரவிற் கட்டிலை அசைத்த நண்பரிடம் திரும்பலாம். அவர் அறிந்துகொள்ள வேண்டியன மூன்று. உறங்குபவர் தமக்கு எதிராக எதனையும் செய்யவில்லை என்பது முதலாவது. அதனை அறிந்தால் துன்பம் குறையாவிடினும் வெறுப்புக் குறையும். கேட்டதை மறைக்காமலும் நகைக்காமலும் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. அது நட்பின் கடமை. தமக்கு மறுநாள் வேறறை உண்டு, பலருக்கு அஃதில்லை என்பது மூன்றாவது. அது குடிமகனின் கடமையைத் தொடக்கி வைப்பது. தம் இரண்டு இரவு உறக்கமின்மையிலிருந்து, மலைச்சரிவில் வாழ்நாள் முழுவதும் அவ்வாறே உறங்கியோரின் நிலையை ஒருவர் எண்ணிப் பார்ப்பாராயின் அவ்விரவு வீணானதாகாது.

நீண்ட காலம் உடனுறைந்தோர் பலர், குறட்டை விடுபவர் மறைந்த பின்னர், அமைதியில் உறங்க இயலாது தவிப்பதுண்டு. அவர்களுக்கு அவ்வொலி, அருகே ஓர் உயிர் இருக்கின்றது என்பதற்கான இரவுச் சான்றாக இருந்தது. மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி இரவிலும் அமைதி நிலவியது. அவ்வமைதியை வேண்டியிருந்தோர் எவரும் அங்கு இலர்.